சினாப்ஸ் எண்ணத் தொடங்குமுன்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அல்சைமர் மாதிரிச் சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸில் (நினைவுக்கான மூளைப் பகுதி) சினாப்ஸ், அதாவது நரம்பணுக்கள் சந்திக்கும் இணைப்புகளை, எண்ணப் போகிறாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நோயாளியின் அறிவாற்றல் சரிவோடு நெருங்கிப் பொருந்துவது பிளேக் (மூளையில் படியும் அமிலாய்டு புரதக் கட்டி) அல்ல, சினாப்ஸ் இழப்புதான் என்று ராபர்ட் டெர்ரி குழு 1991லேயே காட்டிவிட்டது. லெகனமாப் என்ற மருந்து 18 மாதச் சோதனையில் பிளேக்கைப் பெருமளவு துடைத்தெடுத்தும் சரிவை 27 சதவீதம்தான் மெதுவாக்கியது. அதனால் சினாப்ஸ் கணக்கு முக்கியம். அது தப்பாகப் போவதும் சுலபம்.

முதல் சிக்கல் மூளைத் திசுவை ரசாயனத்தில் பதப்படுத்துவதிலேயே வரும். சினாப்ஸின் பெறும் பக்கத்துப் புரதமான பிஎஸ்டி-95 இருக்கும் இடம் புரதங்கள் அடர்ந்து நெருக்கிய இடம். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் இரவு முழுக்க ஊறப்போட்டால் அது இன்னும் இறுகிவிடும், அந்தப் புரதத்தில் ஒட்டி அதைச் சாயத்தோடு காட்டும் ஆன்டிபாடி உள்ளே நுழையாது. சினாப்ஸ் அங்கேயே இருக்கும், படத்தில் மட்டும் காணாமல் போகும். பின்பதப்படுத்தலை இரண்டு மூன்று மணி நேரத்தோடு நிறுத்து. அப்படியும் ஆன்டிபாடி வெட்டின் மேற்பரப்பிலிருந்து சில மைக்ரான்தான் இறங்கும். ஒரு விலங்கில் மேலாகவும் இன்னொன்றில் ஆழமாகவும் படமெடுத்தால், அந்த ஆழ வித்தியாசமே நோயின் விளைவு போலத் தெரியும்.

அடுத்தது, அனுப்பும் பக்கப் புரதத்தின் புள்ளியும் பெறும் பக்கப் புரதத்தின் புள்ளியும் சேர்ந்து தெரிவதை எல்லாம் சினாப்ஸ் என்று நம்பிவிடுவது. சினாப்ஸ் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். கான்ஃபோகல் நுண்ணோக்கி பக்கவாட்டில் 200 முதல் 250 நானோமீட்டர் வரைதான் பிரித்துக் காட்டும், ஆழவாக்கில் அதைவிட மோசம். புள்ளிகள் அடர்ந்திருக்கும் ஸ்ட்ராட்டம் ரேடியாட்டம் என்ற ஹிப்போகாம்பஸ் அடுக்கில் சம்பந்தமில்லாத இரண்டு புள்ளிகள் தற்செயலாக ஒன்றன்மேல் ஒன்று விழுவது சர்வசாதாரணம். ஒவ்வொரு படத்திலும் ஒரு சேனலை (ஒரு சாயத்தின் படத்தை) 90 டிகிரி திருப்பி மறுபடி எண்ணு. அதில் வருவது தற்செயலின் பங்கு, அதைக் கழித்துவிடு. இந்தக் கழித்தல் இல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

வயதான மூளையில் லிப்போஃபஸ்கின் என்ற கழிவு நிறமி எல்லாச் சேனலிலும் ஒளிரும். ஒரு சேனலைச் சாயமில்லாமல் காலியாக விடு. அதில் தெரிவதை மற்றவற்றில் மறைத்துவிடலாம். எவ்வளவு பிரகாசத்துக்கு மேல் புள்ளி என்று எண்ணுவது என்ற வாசல் மதிப்பைக் கண்ணால் வைக்காதே, எந்தக் குழு என்று தெரியாமல் மென்பொருளே வைக்கட்டும். புள்ளியியல் கணக்கில் 'என்' என்பது விலங்குகளின் எண்ணிக்கை. படங்களின் எண்ணிக்கை அல்ல. பிளேக் விளிம்பிலிருந்து எத்தனை மைக்ரான் தூரம் என்பதையும் குறித்துக்கொள். இழப்பு பிளேக்கைச் சுற்றியே அதிகம், சுமார் 50 மைக்ரானுக்குள். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி போட்டால் அது கரைந்துவிடும்.

மூளையின் நோயெதிர்ப்பு அணுக்களான மைக்ரோகிளியா பற்றிக் கேட்டிருந்தாய். பிளேக் உருவாகும் முன்பே சி1க்யூ (அகற்ற வேண்டியதைக் குறியிடும் நோயெதிர்ப்புப் புரதம்) சினாப்ஸில் ஏறுகிறது, அதைத் தடுத்தால் இழப்பு குறைகிறது என்று பெத் ஸ்டீவன்ஸ் குழு 2016ல் சுண்டெலியில் காட்டியது. என் பார்வையில் மிக வலுவான வேலை. ஆனால் மைக்ரோகிளியாவின் லைசோசோமுக்குள் (அணுவின் செரிமானப் பை) சினாப்ஸ் புரதம் தெரிந்தால், உயிரோடிருந்த சினாப்ஸைத் தின்றது என்று உடனே எழுதிவிடாதே. ஏற்கெனவே உதிர்ந்ததைப் பொறுக்கியதாகவும் இருக்கலாம். 2018ல் வளரும் மூளைத் துண்டுகளை நேரடியாகப் படம்பிடித்தவர்கள் மைக்ரோகிளியா ஆக்ஸான் பக்கத்தை, அதாவது அனுப்பும் பக்கத்தை, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளுவதைத்தான் பார்த்தார்கள். பெறும் பக்கத்து முளையான ஸ்பைனை முழுதாக விழுங்கியதைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கத்துப் புரதங்களுக்கும் தனித்தனியாகச் சாயம் போட்டுப் பார்.

முதல் படங்கள் வந்ததும் சேனலைத் திருப்பி எண்ணிய கணக்கையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
சேகர்