குடித்தால் எங்கே போவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்திரி வெயிலை முன்னிட்டு நீங்கள் வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்புகளைப் படித்தேன். தாகம் இல்லாவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள் என்பதுதான் முதல் வரி. நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த ஒரு வரியைக்கூடப் பின்பற்ற முடியாத பெண்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

எதிர் மனையில் நான்கு மாடிக் கட்டடம் எழும்புகிறது. சித்தாள் வேலைக்கு ஆறேழு பெண்கள் வருகிறார்கள். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, பதினொரு மணிக்கெல்லாம் கம்பியைத் தொட முடியாது. தண்ணீர் கேன் நிழலில்தான் இருக்கிறது. அப்படியும் ஒரு அக்கா, சொம்பில் மொண்டு வாயைக் கொப்பளித்துத் துப்பினார். மிச்சத் தண்ணீரில் சும்மாட்டை நனைத்துத் தலையில் வைத்துக்கொண்டு மறுபடி பாண்டு தூக்கக் கிளம்பிவிட்டார். "குடிக்கலாமே அக்கா, ஏன் துப்புறீங்க?" என்று கேட்டேன். "குடிச்சா எங்கம்மா போறது?" என்றார்.

ஆண்கள் முள்புதர் பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள். இவர்கள் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வீடு போய்ச் சேரும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். அந்த அக்கா நீர்க்கடுப்புக்கு இரண்டு முறை மாத்திரை சாப்பிட்டாராம்.

வியர்வைதான் உடம்பைக் குளிர வைக்கிறது. குடிக்காத உடம்பு எதை வியர்க்கும்? உடல் சூடு 104 டிகிரியைத் தாண்டினால் பேச்சு குழறும், நினைவு தப்பும். அப்படி விழுந்தவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். மேஸ்திரிகள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. வெயிலில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் உயிரோடு இருக்கும்போதே தகரம் அடித்த ஒரு தற்காலிகக் கழிப்பறை அவர்களுக்குக் கிடைக்க வேண்டாமா? வேலையிடத்தில் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996-லேயே சொல்லிவிட்டது. கட்டட அனுமதி கொடுக்கும்போதே இதையும் கட்டாயமாக்கி, அஸ்திவாரம் தோண்டும் நாளில் ஒருவர் நேரில் வந்து பார்த்தால் போதும். உங்கள் நிருபர்களும் வெயில் சதமடித்த செய்தியோடு நான்கு கட்டடங்களுக்குள் போய்ப் பார்த்து எழுதுங்கள்.

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கழிப்பறையை அவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறோம். முதல் இரண்டு நாள் கூச்சப்பட்டு யாரும் வரவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். சாயங்காலம்வரை பாதி அப்படியே நின்ற கேன், இப்போது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே காலியாகிவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேலூர்.