1993-இல் வந்த கேம் ஓடுகிறது, நான் வாங்கியது ஓடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேம்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் செலவு, நேர விரயம், கண் எரிச்சல் எல்லாம் வந்திருந்தது, சரி. காசு கொடுத்து வாங்கிய கேம் ஒருநாள் கையை விட்டே போய்விடும் என்பது மட்டும் வரவில்லை. எனக்கு நடந்தது. ஆன்லைனில் மட்டும் ஓடும் ஒரு துப்பாக்கிச் சண்டை கேமை வாங்கினேன், மூன்றே வருஷத்தில் சர்வரை அணைத்துவிட்டார்கள், இப்போது ஐகானைத் தட்டினால் 'இணைக்க முடியவில்லை' என்று வந்து நிற்கிறது.

அதே லேப்டாப்பில் 1993 டிசம்பரில் வந்த டூம் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஜோராக ஓடுகிறது. காரணம் அதைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் நிரலாளர் ஜான் கார்மாக். அதற்கு முந்தைய கேமான உல்ஃபன்ஸ்டைன் 3டி-யை ரசிகர்கள் குடைந்து மாற்றுவதைப் பார்த்தவர், கோபப்படாமல், டூமில் படம், சத்தம், மேப் (ஆடும் இடத்தின் அமைப்பு) எல்லாவற்றையும் எஞ்சினிலிருந்து, அதாவது கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளிலிருந்து, பிரித்து வேட் என்ற தனி ஃபைலில் வைத்தார். அதில் யாரும் கைவைக்கலாம். 1997 கடைசியில் எஞ்சினின் மூல நிரலையே வெளியிட்டுவிட்டார்கள். அதை வைத்து ரசிகர்கள் கட்டியதுதான் ஜிஇசட்டூம் போன்ற புது எஞ்சின்கள்.

நானும் டூமுக்கு ஒரு மேப் செய்து பார்த்தேன், கும்பகோணத்தில் இருந்த எங்கள் பாட்டி வீடு. மேப் வரையும் எடிட்டர் மென்பொருளில் மேலிருந்து பார்ப்பதுபோல் கோடு கோடாக இழுத்து அறையை மூட வேண்டும், பிறகு தரை எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம் என்று எண் கொடுக்க வேண்டும். திண்ணை சுலபமாக வந்தது, தரையைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். முற்றத்துக்குக் கூரையில் வானத்தை ஒட்டினேன். ரேழியில் ஒரு சுவருக்கு டெக்ஸ்சர் (மேலே ஒட்டும் படம்) வைக்க மறந்துவிட, அந்த இடத்தில் பழைய காட்சியே இழுபட்டு நெளிந்தது, மயன் மாளிகையில் துரியோதனன் நின்ற மாதிரி நின்றேன். மச்சுதான் வரவே இல்லை. அசல் டூமில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்க முடியாது, முப்பரிமாணம்போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது தட்டையான வரைபடம். ஆனால் ஜிஇசட்டூமில் ஓடும், 2023-இல் வந்த மைஹவுஸ் என்ற ரசிகர் மேப்பில் ஒரு சாதாரண மாடி வீடு, படி ஏறி இறங்குவதற்குள் நம் முதுகுக்குப் பின்னால் அந்த வீடு மெல்ல மாறுகிறது. எந்தப் பேயும் அப்படி என்னைப் பயமுறுத்தியதில்லை.

ஹாஸ்டலில் கம்ப்யூட்டர்களை லேன் கேபிளில் இணைத்து விடிய விடிய கவுன்டர்-ஸ்ட்ரைக் கேம் ஆடியவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். அதுவும் 1999-இல் இரண்டு இளைஞர்கள் ஹாஃப்-லைஃப் கேமுக்குச் செய்த மோட்தான் (ரசிகர்கள் கேமை மாற்றிச் செய்த வடிவம்), அப்புறம்தான் ஹாஃப்-லைஃபைச் செய்த வால்வ் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது.

எல்லா நிறுவனமும் நிரலைத் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. சர்வரை மூடும் அன்றைக்காவது, வாங்கியவர்கள் சொந்தமாக ஒரு சர்வர் வைத்து ஆட வழி செய்துவிட்டுப் போகலாம். அடுத்த முறை கேம் நிறுவனக்காரர்கள் யாரையாவது பேட்டி எடுத்தால் இதைக் கேளுங்கள்.

ஒரு வாசகன்,
திருச்சி