சின்னதா, பெரியதா: மௌல்மீனுக்கு ஒரு கடிதம்

ரங்கூன்,
ஞாயிறு காலை

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதமும் அதோடு நீ கொடுத்தனுப்பிய மூன்று பம்பளிமாஸும் பஸ்காரத் தம்பி மூலம் பத்திரமாக வந்து சேர்ந்தன. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்ததும் மனசு நிம்மதியாகிவிட்டது. அன்று சாயங்காலமே காளி கோயிலுக்குப் போய் உன் பேரில் ஒரு தேங்காய் உடைத்தேன். சொட்டு மருந்தை மறக்காமல் விட்டுக்கொள். புகை, தூசி பக்கம் கொஞ்ச நாளைக்குப் போகாதே.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் பாப்பா சிங்கப்பூரிலிருந்து சாம்சங் கேலக்ஸி எஸ்24 போன் வாங்கி அனுப்புகிறேன் என்கிறாள், சின்னதா, அதைவிடப் பெரிய பிளஸ்ஸா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். சின்னது என்னிடம் இருக்கிறது, பிளஸ் என் தம்பியிடம் இருக்கிறது. ஏழு மாதமாக இரண்டும் ஒரே வீட்டில்தான் கிடக்கின்றன. நீ பிளஸ்ஸையே வாங்கு. என் கையில் சின்னது இருந்தும் இப்படிச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

முதலில் கேமராவைப் பேசி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் வித்தியாசமே கிடையாது. போன மாதம் நானும் தம்பியும் காளி கோயிலுக்கு எதிர்ப்பக்கம், அனோரத்தா சாலை ஓரத்தில் நின்று, இரண்டு போனிலும் கோபுரத்தை எடுத்தோம். மூன்று மடங்கு ஜூம் வைத்ததும் மேல் வரிசைப் பொம்மைகளின் கையில் உள்ள ஆயுதங்கள்கூட எண்ணும்படி வந்தன. வீட்டில் வந்து படங்களைக் கலந்துபோட்டு எது யாருடையது என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. இரண்டிலும் பின்னால் அதே 50 மெகாபிக்சல், அதே 10 மெகாபிக்சல் ஜூம், அதே 12 மெகாபிக்சல் அகலக் கேமரா. முன்பக்கமும் 12தான். ஆகவே படத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதே.

நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையான வித்தியாசம் கரண்டில் இருக்கிறது. உங்கள் பக்கம் எப்படியோ, எங்கள் தெருவில் வரும் நேரத்தைவிடப் போகும் நேரம்தான் அதிகம். சில நாள் அட்டவணைப்படி வரவேண்டிய நேரத்தில் அரைமணி எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அந்த அரைமணியில் எவ்வளவு ஏறுகிறது என்பதே எங்களுக்குக் கணக்கு. சின்னதின் பேட்டரி 4000 மில்லிஆம்ப்-மணி. சார்ஜ் ஆகும் வேகம் 25 வாட். பிளஸ்ஸில் 4900, வேகம் 45 வாட். அரைமணியில் சின்னது பாதி நிரம்பும், பிளஸ் 65 சதவீதம் நிரம்பும் என்று சாம்சங்கே சொல்கிறது. பாதிக்கும் 65-க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று நானும் முதலில் நினைத்தேன். தாளில் போட்டுப் பார்த்தேன் மச்சான். 4000-த்தில் பாதி 2000. 4900-த்தில் 65 சதவீதம் 3185. அதே அரைமணியில் ஒன்றரை மடங்குக்கு மேல் சேர்த்துக்கொள்கிறது! ராத்திரி பத்து மணிக்கு என் போன் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிடும், தம்பி போனில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு நிற்கும்.

உனக்கு இது ஏன் முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாப்பா வேலை முடிந்து வந்து பேத்தியை உன்னிடம் காட்டுவதே ராத்திரியில்தான். தங்கச்சி நம்மை விட்டுப் போன பிறகு அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நாள் முழுக்கக் காத்திருக்கிறேன் என்று நீயே எழுதியிருந்தாய். அந்த நேரத்தில் போன் செத்துப்போகக் கூடாது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, கவனமாகப் படி. இரண்டு போனின் பெட்டியிலும் சார்ஜர் வராது, தனியாக வாங்க வேண்டும். தம்பி இங்கே ஒரு கடையில் 45 வாட் என்று அச்சடித்த சார்ஜரும் கேபிளும் வாங்கி வந்தான். குத்தினால் திரையில் ‘சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்று வருகிறது, ஆனால் பக்கத்தில் 2.0 என்ற எண் வரவில்லை. இரண்டு மாதம் அப்படியே ஓட்டினான். ஒரு நாள் கூட வேலை செய்கிறவரின் கேபிளைக் கடன் வாங்கிக் குத்தினான், உடனே 2.0 வந்தது. அப்போதுதான் தெரிந்தது, அந்த வேகத்துக்கு 5 ஆம்பியர் தாங்குகிற கேபிள் வேண்டும், கடைக்காரன் கொடுத்தது அது இல்லை. திரையில் 2.0 வந்தால் மட்டுமே 45 வாட் ஏறுகிறது என்று வைத்துக்கொள். பாப்பாவிடம் சார்ஜரையும் கேபிளையும் சிங்கப்பூரிலேயே சேர்த்து வாங்கச் சொல்.

அடுத்தது உன் கண். சின்னதில் திரை 6.2 அங்குலம், பிளஸ்ஸில் 6.7. அரை அங்குலம்தானே என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடப் பக்கத்தைப் போனில் காட்டுகிறாயே, அதை நினைத்துப் பார். நானும் என் போனில் காட்டிப் பார்த்தேன். முழுப் பக்கம் தெரிகிற மாதிரி வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. பெரிதாக்கினால் வரி வெட்டுப்பட்டு, பிள்ளை ‘ற’வைப் படிக்கும்போது ‘ன’ திரைக்கு வெளியே போய்விடுகிறது. தம்பி போனில் அந்தத் தொல்லை குறைவு. செட்டிங்கில் போய்த் திரையின் தெளிவைக் கூட்டிவைத்தால் கொக்கி, சுழி, கால் எல்லாம் அச்சுப்புத்தகம் போல நிற்கின்றன. அந்தக் கூடுதல் தெளிவு சின்னதில் கிடையாது.

பிளஸ்ஸில் எனக்குப் பிடிக்காதது அளவும் கனமும். சின்னது 167 கிராம், அது 196. நாள் முழுக்கக் கையில் வைத்திருப்பவனுக்கு அந்த 29 கிராம் தெரியும். அப்புறம் லுங்கி விஷயம். நான் போனை இடுப்பில், லுங்கி முடிச்சுக்குப் பின்னால் செருகிக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போகிறேன். சின்னது அங்கே அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிளஸ் குனிந்தால் நழுவுகிறது, தம்பி இரண்டு முறை டீக்கடையில் கீழே போட்டுவிட்டான். நான் சின்னதை வாங்கியதும் இதற்காகவே. பஸ், மார்க்கெட் என்று அலைகிற எனக்கு இதுதான் சரி. நீ பெரும்பாலும் வீட்டிலும் வகுப்பிலும் இருப்பவன். மேஜையில் ஒரு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டால் கனம் எங்கே வருகிறது?

விலையைப் பற்றிப் பாப்பா தயங்கினால் இதைச் சொல். 2024 ஜனவரியில் வந்தபோது அமெரிக்காவில் சின்னது 799 டாலர், பிளஸ் 999. ஆனால் அந்த 799-க்கு 128 ஜிபிதான். பிளஸ் 256-இல்தான் தொடங்குகிறது. சின்னதிலும் 256 கேட்டால் அப்போது 859 ஆனது. போன் வேலை செய்யும்போது பயன்படுத்துகிற ராம் (RAM) நினைவகமும் சின்னதில் 8 ஜிபி, பிளஸ்ஸில் 12. மெமரி கார்டு போட இரண்டிலுமே இடமில்லை. பேத்தி வீடியோக்கள் சேரச் சேர 128 எத்தனை நாளைக்கு வரும்? அதற்கப்புறம் எஸ்25 வந்துவிட்டது, ஆனால் பேட்டரியும் திரை அளவும் அதே கணக்குதான். எஸ்24-க்கு ஏழு வருஷ அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதாவது 2031 வரை. நமக்கு அது போதும்.

பெட்டியில் மாடல் எண் எஸ்926பி என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல். இரண்டு சிம் போடுகிற ரகம் அது. அமெரிக்காவுக்கு என்று செய்ததில் ஒரு சிம்முக்குத்தான் தட்டு இருக்கும்.

ஒரு வருத்தம் எனக்கு உண்டு. பேசும்போதே மொழிபெயர்க்கிறது என்று பெரிதாகச் சொன்னார்களே, அது வந்தபோது 13 மொழி இருந்தது. இந்தி இருந்தது, தாய்லாந்து மொழி இருந்தது. தமிழும் இல்லை, பர்மிய மொழியும் இல்லை. நாம் வீட்டில் பேசுவதும் தெருவில் பேசுவதும் இரண்டுமே விட்டுப்போனது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

2014-இல் 1500 கியாட்டுக்கு சிம் விற்றபோது நாம் இருவரும் வரிசையில் நின்று வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன் சிம் என்பது பணக்காரர் வீட்டுப் பொருள். கடைவாசலிலேயே எதிரெதிரே நின்றுகொண்டு நான் உனக்குப் போட்டேன், நீ எடுத்து ‘யாரு பேசுறது?’ என்று கேட்டாய். என் முதல் அழைப்பு அதுதான்.

பாப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு: பிளஸ், 256, அதோடு 45 வாட் சார்ஜரும் 5 ஆம்பியர் கேபிளும். தைப்பூசத்துக்கு நான் மௌல்மீன் வருகிறேன். அதற்குள் போன் வந்துவிட்டால் பெட்டியைப் பிரித்து வை, எழுத்தைப் பெரிதாக்கி, பழைய போனில் உள்ள தங்கச்சி படங்களை எல்லாம் நானே உட்கார்ந்து மாற்றித் தருகிறேன். அதுவரை பழைய போனை யாருக்கும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் கூட்டாளி