செவ்வரத்தைக்கு ஊற்றும் தண்ணீர்

பாஷையூர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. உன்னைத் துறவு மடத்தில் சேர்க்க இந்த முறையும் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்றுதான் சொன்னார்களாம். "கடவுளுக்குத் தொண்டு செய்யத்தானே அம்மா வந்தேன், இங்கே முதியோர் இல்லத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கிறேன்" என்றாய். அப்பா பக்கத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போது சொன்னார்!

அந்தோனியார் திருநாள் யூன் 13, தெரியும்தானே. கோயில் துணிகள் முழுவதும் இப்போது நம் வீட்டுக் கொடியில்தான். பீடத்துணிக்குக் கஞ்சி போட்டு மினுக்குவது பெரிய வேலை இல்லை. பூசைக் கிண்ணம் துடைக்கிற சின்னத் துணிகள்தான் கவனம். அவற்றை முதலில் வெறும் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைக் கானுக்குள் விடாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். ஆண்டவருடைய இரத்தம் பட்ட துணி அல்லவா. நான் செவ்வரத்தை அடியில் ஊற்றுவேன். சின்ன வயதில் நீ அந்தப் பூவைப் பிடுங்கவே பயப்படுவாய்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. நானும் மடத்துக்குப் போக இருந்தவள். பதினெட்டு வயது. சிஸ்டர்மார் வரச் சொல்லி, பெட்டிகூடக் கட்டியாயிற்று. 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் இடப்பெயர்வில் எல்லாரோடும் நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தோம். மழை. பெட்டி எங்கே போனதென்று தெரியாது. தென்மராட்சியில் கோயில் மண்டபம் ஒன்றில் ஆறு மாதம். திரும்பி வந்தபோது அம்மம்மா படுத்த படுக்கை. நான் போகவில்லை. கோயிலில் துணி தோய்க்க ஆள் இல்லையென்று என்னைக் கூப்பிட்டார்கள். கோபத்தோடுதான் போனேன். என்னை எடுத்துக்கொள் என்று கடவுளிடம் கேட்டால் துணியைத் தருகிறாரே என்ற கோபம். அந்தக் கோபத்தில் கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியைப் பீடத்துணியின் மேல் வைத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன். தோணி மாதிரி ஒரு மண்ணிறத் தழும்பு விழுந்தது. அழுதுகொண்டு மூத்த சிஸ்டரிடம் கொண்டுபோனால், அவர் ஏசவில்லை. தழும்பு பின்பக்கம் விழும்படி மடித்துக் காட்டி, "இனி இப்படி விரி" என்றார். அந்தத் துணி இன்னும் இருக்கிறது. சாதாரண நாள் பூசைக்கு அதைத்தான் விரிக்கிறோம்.

துறவுக்கான அழைத்தல் கட்டாயம் வரும் என்று சொல்லி உன்னைத் தேற்ற எனக்குத் தைரியமில்லை, மகன். எனக்கு வரவில்லை. உன் அப்பாதான் வந்தார், பிறகு நீ வந்தாய். எனக்குக் குறையொன்றும் இல்லை, ஆனால் கேட்டது அதுவல்ல.

2015 சனவரி 14 உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவ் வாஸ் சுவாமியைப் புனிதராக்கினார், பின்னேரம் மடு மாதா கோயிலுக்கு வந்தார். நீ அந்த வெயிலில் தண்ணீர் தண்ணீர் என்று அரித்தெடுத்தாய். அந்தச் சுவாமியின் கதையில் எல்லாரும் கண்டியையும், அங்கே செபித்து மழை வரவழைத்ததையும்தான் சொல்வார்கள். என் மனதில் நிற்பது அதற்கு முந்தின வருடங்கள். 1676இல் கோவாவில் குருவானார். கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்த ஒல்லாந்தர் ஆண்ட இலங்கையில் குருமார் இல்லாமல் சனம் தவிக்கிறது என்று கேட்டு, போகிறேன் என்றார். மேலிடம் கன்னடக் கரைக்கு அனுப்பியது. போனார். யாழ்ப்பாணத்தில் கால் வைத்தது 1687இல். பதினொரு வருடம்! வந்தவரும் சுவாமியாக வரவில்லை. கூலியாள் உடுப்பு, கழுத்தில் செபமாலை, கையில் பிச்சைப் பாத்திரம். செபமாலையைப் பார்த்து எந்த வீட்டார் முகம் மாறுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தாராம். பிறகுதான் சில்லாலை, கண்டி, சிறை, அம்மை நோயாளிகளைக் கழுவித் துடைத்தது எல்லாம். அந்தப் பிச்சையும் வேடத்துக்கு மட்டும் எடுத்த பிச்சையென்று நான் நினைக்கவில்லை. பசிக்கும்தானே.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்கிறேன். மடத்துக்காரர் பார்க்கிறார்களா, புள்ளி போடுகிறார்களா என்று கண்ணை அங்கே வைத்துக்கொண்டு கழுவாதே. கோப்பை சரியாகக் கழுவுப்படாது. நீ வீட்டில் கழுவுகிற சீர் எனக்குத் தெரியும்.

பைபிளில் சாமுவேல் கதையை இப்போது திரும்ப வாசித்தேன். கூப்பிட்ட குரல் கடவுளுடையது. ஆனால் மூன்று தரமும் பொடியன் எழும்பி ஓடினது கண் மங்கின கிழவர் ஏலியிடம். கடைசியில் கடவுளே பேசி, கேட்கவே காது கூசுகிற சேதியைச் சொன்னார். விடிந்ததும் அவன் என்ன செய்தான்? கோயில் கதவுகளைத் திறந்தான். அது அவனுடைய வேலை. இத்தனை வருடம் வாசித்தும் அந்த வரி என் கண்ணில் படவில்லை.

அந்தப் பல்லில்லாத ஐயா எப்படி இருக்கிறார்? இன்னும் தேத்தண்ணீரைத் தட்டிவிடுகிறாரா? உன்னைத் தன் மகனின் பெயரால்தான் கூப்பிடுகிறார், நீயும் "ஓம்" என்று போய் நிற்கிறாய் என்றாய். நல்லது, திருத்தப் போகாதே.

நாளை இரவு பஸ்ஸில் ஒரு பெட்டி அனுப்புகிறேன். கறுத்தக்கொழும்பான் மாங்காய் பதினைந்து, வைக்கோலுக்குள் வைத்திருக்கிறேன். இரண்டு நாளில் பழுக்கும். பஸ்காரருக்குக் காசு கொடுத்தாயிற்று, நீ ஒன்றும் கொடுக்காதே. ஐயாவுக்குக் கதுப்பைச் சீவி, கரண்டியால் மசித்துக் கொடு. கொட்டையை நீ சூப்பு.

அன்புடன்,
அம்மா