மண்ணுக்கு அடியில் ஒரு வலை: பொதுத் தோட்ட நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். எலியும் பெருச்சாளியும் அடியிலிருந்து தோண்டி வராமலிருக்க என் பாத்தியில் நான் புதைத்திருந்த கம்பி வலையை, உங்கள் உத்தரவுப்படி இரண்டு மாதங்களுக்கு முன்பே தோண்டி எடுத்துவிட்டேன். நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்ற விதியை மீறிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். விதியை மதித்தேன். அதனால் என்ன ஆனது என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

என் பக்கத்துப் பாத்தி அம்மாவை உங்களுக்கெல்லாம் தெரியும். மூன்று மாதமாக முலாம்பழக் கொடி வளர்த்தார். காய் மண்ணில் பட்டு அழுகிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் அடியிலும் காய்ந்த சருகை மெத்தை மாதிரி பரப்பி வைத்திருந்தார். ஞாயிறன்று பறிக்கலாம் என்று கூடையோடு வந்தார். பழங்கள் மேலே பார்க்க ஒரு கீறல்கூட இல்லாமல், நன்றாகப் பழுத்து, வாசனையோடு கிடந்தன. முதல் பழத்தைத் தூக்கினார். கனமே இல்லை. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கைமுட்டி அளவு ஓட்டை. உள்ளே சதை துளியும் இல்லை, தோலும் நாலைந்து விதைக் கோதும்தான். பழம் இருந்த இடத்தில் நேராகக் கீழே இறங்கும் ஒரு வளை. ஏழு பழங்கள், ஏழும் அப்படியே. அவர் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. வெறும் தோடுகளை ஒவ்வொன்றாகக் கூடையில் எடுத்துவைத்து, எருக்குழியில் கொண்டுபோய்க் கொட்டினார்.

அவரும் இந்தப் பருவத்தில் வலை போடுவதாகத்தான் இருந்தார். எனக்கு வந்த உத்தரவைப் பார்த்துவிட்டு, நமக்கு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார். அதை நினைக்கும்போதுதான் மனசு ஆறவில்லை. போன பருவத்தில் வலை இருந்தவரை என் பாத்தியில் அடிவழியாக ஒரு பழம்கூடப் போகவில்லை. இந்த முறை பதினொன்றில் நான்கு போய்விட்டன.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பாத்திக்கு அடியில் கம்பி வலை போட அனுமதி கொடுங்கள்.

அது கட்டுமானம் அல்ல. சிமென்ட் இல்லை, செங்கல் இல்லை. துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ்ஷை, அதாவது குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த கம்பி வலையை, பாத்திக்கு அடியில் முக்கால் முழ ஆழத்தில் விரித்து, ஓரங்களை மண்ணுக்கு மேல் ஒரு சாண் வரும்படி தூக்கிவிடுகிறோம், அவ்வளவுதான். தோட்டத்தின் சுற்றுவேலிக்கும் இதே வழி உண்டு. வலையை இரண்டடி ஆழம் இறக்கி, அடி ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தால் போதும். வளை தோண்டும் பிராணி வேலியின் காலடியில்தான் தோண்ட ஆரம்பிக்கும். கீழே மடிப்பு தட்டுப்பட்டால் மேற்கொண்டு தோண்ட வழியில்லாமல் விட்டுவிடும். வலையின் கண், அதாவது கம்பிகளுக்கு இடையிலுள்ள ஓட்டை, எந்த அளவு என்பது முக்கியம். பெருச்சாளிக்கும் பெரிய எலிக்கும் 12 மி.மீ. கண் போதும். சுண்டெலி 6 மி.மீ. இடுக்கு இருந்தாலே நுழைந்துவிடும் என்பதால், அது இருக்கும் இடத்தில் அதைவிடச் சின்னக் கண் வேண்டும். கோழிவலை இதற்கு உதவாது. கண்ணும் பெரிது, கம்பியும் மெலிது, மண்ணில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். மேலே ஏறி வரும் எலியை இந்த அடிவலை தடுக்காது, அதற்குப் பாத்தியின் மேல் தனியாக வலைக்கூடு போட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். நம் தோட்டத்தில் நஷ்டம் வருவது அடியிலிருந்து.

எலி மருந்து வைத்திருக்கிறோமே என்று போன கூட்டத்தில் பதில் சொன்னீர்கள். அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைத் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். நீங்கள் வைத்தது இரத்தம் உறையவிடாமல் செய்து கொல்லும் வகை. தின்ற எலி அன்றே சாகாது, பல நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் கூகைக்கும் பூனைக்கும் சுலபமாகக் கிடைக்கும். புரோடிஃபகூம் போன்ற மருந்துகள் எலியின் ஈரலில் மாதக்கணக்கில் தங்குபவை, அந்த எலியைத் தின்ற பிராணிக்கும் மருந்து போய்ச் சேரும். கருவிக் கொட்டகைக்குப் பின்னால் இறந்து கிடந்த கூகையை நான்தான் புதைத்தேன். எதனால் செத்தது என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனால் மருந்து வைத்த இரண்டாவது வாரம் அது நடந்தது. நம்மிடம் சம்பளம் வாங்காமல் ராத்திரி முழுக்க எலி பிடித்துக்கொண்டிருந்த பறவை அது. சரி, இன்னொரு வகை எலி மருந்தான ஜிங்க் பாஸ்பைடு வைக்கலாமா என்றால், கொஞ்சம் தின்று பிழைத்த எலி மறுபடி அந்த உணவைத் தொடாது. மிஞ்சிய ஒரு ஜோடி போதும், மூன்று வாரம் சுமந்து குட்டி போட்டுவிடும். வலைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. யாரையும் கொல்லாது, வருடக்கணக்கில் உழைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலிக்கு என்ன நிறம் அடிப்பது என்று இரண்டு கூட்டங்கள் பேசினோம். எருக்குழிக்கு மூடி போடுவது பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை. மரத்தடியில் விழுந்த பழங்கள் நாள்கணக்கில் கிடக்கின்றன. கன்றுகளின் தண்டை ஒட்டி, மண்ணை மூடும் சருகு மூடாக்கைக் குவித்து வைக்கிறோம். அதற்குள் எலி மறைந்து உட்கார்ந்து பட்டையைச் சுற்றிலும் கடித்துவிட்டால், இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்காமல் கன்று பட்டுப்போகும். வடக்கு மூலையில் இருந்த மாதுளைக் கன்று அப்படித்தான் போனது. நீர் பற்றாமல் காய்ந்தது என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறது. தண்ணீர் ஊற்றியவன் நான், வேர்ப் பக்கம் தோலுரிந்திருந்ததைப் பார்த்தவனும் நான். இதையெல்லாம் கேட்கும் உறுப்பினர்களைக் குறை சொல்கிறவர்கள் என்று ஒதுக்காதீர்கள். காலையில் மண்ணில் உட்காருகிறவர்கள்தான் வளையை முதலில் பார்க்கிறார்கள்.

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். சம்பளமில்லாமல் இந்த வேலையைப் பார்க்கிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. நேரில் வந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் வளைகளின் வாயை மண் போட்டு அடைப்போம். மறுநாள் காலையில் எத்தனை திறந்திருக்கிறது என்று சேர்ந்தே எண்ணுவோம். அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

அடுத்த விதைப்புக்குப் பாத்தி வெட்ட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மண் திறந்திருக்கும் அந்த நாட்களில்தான் வலை போட முடியும், விதை போட்டபின் முடியாது. ஆகவே அதற்குள், பாத்தி அடியில் கம்பி வலை போடலாம் என்று எழுத்தில் ஒரு வரி கொடுத்தால் போதும். பாத்தியை விட்டுப் போகும்போது வலையை நாங்களே எடுத்துவிடுகிறோம் என்று கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார். பக்கத்துப் பாத்தி அம்மாவுக்குக் குழி வெட்டித் தருவதாக நான் சொல்லியிருக்கிறேன். கழற்றிய வலை கொட்டகையில் சுருட்டி வைத்தபடியே இருக்கிறது.

இப்படிக்கு,
தென்கோடிப் பாத்தி உறுப்பினர்