நேர்முகத்துக்கு மினுக்கிய சீருடை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரோபோ போட்டிக்கோ புத்தாக்கப் போட்டிக்கோ ஒரு அணி தெரிவானால், எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் உடனே பெற்றோர் கூட்டம் ஒன்று வைப்பார்கள். இப்போதெல்லாம் அந்தக் கூட்டங்களில் பிள்ளைகள் செய்த கருவியைவிட அவர்கள் போட வேண்டிய உடுப்பைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசுகிறார்கள். விருதுக்கான நேர்முகத்தில் நடுவர்கள் முன்னால் நிற்க வேண்டுமாம், அதனால் ஆண்பிள்ளைகளுக்குக் கோட்டும் டையும் வேண்டுமாம், பெண்பிள்ளைகள் சாரி உடுத்தால் நல்லதாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பழக்கம் ஊன்றிப்போக முன்னர் நிறுத்திவிட வேண்டும்.

நேர்முகத்தில் நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. 1989 இல் அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் தொடங்கிய ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு பிள்ளைகளுக்கு நடத்தும் லெகோ லீக் ரோபோ போட்டியை எடுத்துக்கொள்வோம். ரோபோ ஓட்டம், ரோபோ வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம், விழுமியங்கள் என்று நான்கு பகுதிகள். நான்குக்கும் ஒரே மதிப்பு. நடுவர் கையில் வைத்திருக்கும் மதிப்பீட்டுத்தாளை முன்கூட்டியே எவரும் எடுத்துப் படிக்கலாம். உடுப்புக்கு அதில் ஒரு வரியும் கிடையாது. பிரச்சினையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், முதல் தடவை சரிவராதபோது எதை மாற்றினீர்கள், யார் எந்த வேலையைச் செய்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். விழுமியங்களில் ஒன்று, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது. கோட் வாங்க வசதியில்லாத பிள்ளையை "நீ பின்னால் நில்" என்று ஒதுக்கிவிட்டு உள்ளே போகிற அணி அந்த இடத்தில் என்ன பதில் சொல்லும்?

இது கற்பனைக் கதையில்லை. ஒரு பாடசாலையில், கருவியை இயக்கும் கணினி நிரல் முழுவதையும் தனியாக எழுதிய மாணவனுக்குக் கோட் கிடைக்கவில்லை என்பதற்காக, பேசும் பொறுப்பை வேறொருவனிடம் கொடுத்தார்கள். நடுவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கே அந்த மற்றப் பிள்ளை திணறிப்போனான். எழுதியவனோ மண்டபத்துக்கு வெளியே பைகளுக்குக் காவல் இருந்தான். அவனுடைய தகப்பன் வாவியில் மீன் பிடிப்பவர். மகன் என்ன செய்கிறான் என்று தெரிந்துகொள்ள வேலைக்குப் போகாமல் அன்றைக்கு வந்திருந்தார். அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்தேன்.

சரி, அப்போ என்னதான் போடுவது? பாடசாலைச் சீருடைதான். 1993 முதல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கிறது; பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் அதில் ஒன்றாகத்தான் தெரிகிறார்கள். முதல் நாளே தோய்த்து, மினுக்கி வைத்தால் வேறெதுவும் தேவையில்லை. முஸ்லிம் பாடசாலைப் பெண்பிள்ளைகள் வழக்கமாகப் போடும் வெள்ளைச் சீருடையோடும் பர்தாவோடும் அப்படியே போகட்டும். அணிக்கென்று ஒரே நிறத்தில் ரீ-சேர்ட் அடிக்க யாராவது உதவினால் அதுவும் நல்லதுதான். வெளிநாடுகளில் இந்தப் போட்டிகளுக்கு வருகிற அணிகள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. ஆனால் அந்தக் காசைப் பெற்றோர் தலையில் கட்ட வேண்டாம். தூரத்தை அளக்கிற அல்ட்ராசொனிக் சென்சர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு கோட் தைக்கிற காசில் அணிக்கே தேவையான சென்சர்களை வாங்கிவிடலாம். கோட்டைப் பிறகு கல்யாண வீட்டுக்குப் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வளர்கிற பிள்ளைக்கு அடுத்த வருடம் அந்தக் கை எட்டுமா?

உடுப்பைப் பற்றிப் பேசத்தான் வேண்டும் என்றால் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோம். அதைத்தான் எங்கள் கூட்டங்களில் ஒருவரும் எடுப்பதில்லை. நேர்முகத்துக்குக் கூப்பிடும் நிமிடம்வரை பிள்ளைகள் மேசையில் குனிந்து கருவியைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். தொங்குகிற டை, அகலமான கோட் கை, சாரித் தலைப்பு, நீளச் சங்கிலி எல்லாம் சுழல்கிற மோட்டாரிலும் பற்சில்லிலும் சிக்கக்கூடியவை. சீருடையோடு டை கட்டுகிற பிள்ளைகள் வேலை செய்யும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு, கூப்பிட்டதும் கட்டிக்கொள்ளலாம். பின்னலை மடித்துக் கட்ட வேண்டும். பர்தாவின் நுனியை ஊசியால் குத்திக்கொள்ள வேண்டும். ஈயம் ஒட்டுகிற வேலை இருந்தால் பருத்தித் துணிதான் நல்லது. பொலியெஸ்டரில் சூடான துளி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டிவிடும். காலுக்கு விரலை மூடிய சப்பாத்து. ஃபர்ஸ்ட் அமைப்பு பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தும் ரோபோ போட்டிகளில் மூடிய சப்பாத்தும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அணிகள் வேலை செய்கிற இடத்துக்குள் விடமாட்டார்கள். எங்கள் பிள்ளைகள் பலர் செருப்போடு வருகிறார்கள். உடுப்பில் காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் சப்பாத்துக்குச் செலவழியுங்கள். புதுச் சப்பாத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடவும் விடாதீர்கள், குதிக்கால் தேய்ந்து நொண்டிக்கொண்டு நிற்பார்கள்.

தூரத்தையும் யோசிக்க வேண்டும். கொழும்பில் போட்டி என்றால் மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் புறப்பட்டு, விடியப்போய் இறங்கி, ஏதாவது ஒரு குளியலறையில் முகம் கழுவி உடுப்பு மாற்றுகிறார்கள். கல்முனை, திருக்கோவில் பிள்ளைகள் பஸ்ஸில் இரவு முழுக்க இருந்து வருகிறார்கள். கோட்டை எங்கே தொங்கவிடுவது? போகும்போது பழைய உடுப்பு, பையில் மடித்து வைத்த ஒரு செட் சீருடை, அவ்வளவுதான் அந்தப் பயணம் தாங்கும்.

வெளிநாட்டுப் போட்டிக்குத் தெரிவாகிற அணி இருந்தால் அது வேறு விஷயம். 2017 இல் வாஷிங்டனில் தொடங்கிய ஃபர்ஸ்ட் குளோபல் என்ற நாடுகளுக்கிடையிலான ரோபோ போட்டியின் ஆரம்ப விழாவில் நாடுகளின் அணிவகுப்பு உண்டு. அதற்கு எங்கள் பிள்ளைகள் மருதமுனைக் கைத்தறியில் தைத்த சேர்ட்டோடு நடந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. நடுவர் முன்னால் நிற்கும்போது மற்ற அணிகளைப் போல ரீ-சேர்ட் போதும்.

நடுவர்களாக வருகிற விரிவுரையாளர்களிடமும் பொறியியலாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். "நல்லா உடுத்து வந்திருக்கிறீங்க" என்று ஒரு அணியைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள். பாராட்டாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் அடுத்த வருடம் பத்துப் பாடசாலைகள் தையற்கடைக்குப் போக அந்த ஒரு வசனம் போதும்.

போட்டிகளை நடத்துகிறவர்களும் வலயக் கல்வி அலுவலகங்களும் தெரிவுக் கடிதத்தோடு தமிழில் இரண்டு வரி சேர்த்து அனுப்ப வேண்டும்: நேர்முகத்துக்குப் பாடசாலைச் சீருடை அல்லது அணி ரீ-சேர்ட் போதும், கோட் தேவையில்லை, விரலை மூடிய சப்பாத்து கட்டாயம். எழுத்தில் வந்துவிட்டால் பெற்றோர் கூட்டத்தில் அதைக் காட்டிவிட்டு நாங்கள் கருவியைப் பற்றிப் பேசலாம். அடுத்த தவணைச் சுற்றறிக்கையிலேயே இதைச் செய்ய முடியும். செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

விஞ்ஞான ஆசிரியர்,
கொக்கட்டிச்சோலை, மட்டக்களப்பு.