சட்டம் கேக்காத கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ஒரு பெரியவர் எழுதுன கடிதம் படிச்சேன். கருக்கலைப்ப மொத்தமா தடை பண்ணணும், பொம்பளைங்களுக்கு பயம் விட்டுப்போச்சு, அதுலயும் நம்ம சேலம் மாவட்டம் பொண்ணு கொழந்தைங்க விஷயத்துல பட்ட கெட்ட பேரு போதும்னு எழுதியிருந்தார். அவர் மேல எனக்கு கோவம் இல்லைங்க, ஆனா பதில் சொல்லாம இருக்க முடியல, ஏன்னா அவர் சொல்ற அதே பயம்தான் எங்க எஸ்டேட் லைன் வீட்டுல ஒரு பொண்ண அஞ்சு வாரம் அலைய விட்டுச்சு.

நான் ஏற்காட்டுல காபி எஸ்டேட் லைன் வீட்டுல பொறந்தவ, இப்பவும் மலையிலதான் தையல் மிஷின் போட்டு உக்காந்திருக்கேன். எதிர்வீட்டு பொண்ணுக்கு வயசு 24. மூத்தது பொண்ணு, மூணு வயசு, அடுத்ததும் பொண்ணு, எட்டு மாசம், இன்னும் தாய்ப்பால்தான். பால் குடுக்கற வரைக்கும் தங்காதுன்னு சொல்வாங்கல்ல, அத நம்பியிருக்கா, பீரியட்ஸ் வராததும் அதுனாலதான்னு விட்டுட்டா. பழம் பறிக்கப் போன எடத்துல தல சுத்தி உக்காந்துட்டா, அப்புறம்தான் சந்தேகம் வந்து டெஸ்ட் கார்டு வாங்கிப் பாத்தோம், ரெண்டு கோடு. ஸ்கேன்ல எட்டு வாரம்னு வந்துச்சு. வீட்டுக்காரர் லாரி ஓட்டறவர், அப்ப குஜராத் லோடு போயிருந்தார். போன்ல சொன்னதும் "வேணாம், உன் ஒடம்பு தாங்காது"ன்னு அவரே சொன்னார், பக்கத்துல நான் இருந்தேன்.

ரெண்டு பேரும் கைக்கொழந்தையோட கீழ எறங்குனோம். 20 கொண்டை ஊசி வளைவு, அவ ஒரு கையில எலுமிச்சம்பழம், ஒரு கையில கேரி பேக், கொழந்தை என் மடியில. சேலத்துல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி, பேர் சொல்லல. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு ஹால் முழுக்க கேக்கற மாதிரி "அபார்ஷனா? ஹஸ்பண்ட் வரணும், கையெழுத்து போடணும்"னு சொல்லுச்சு. வரிசையில நின்னவங்க எல்லாரும் திரும்பி அவ வயித்தப் பாத்தாங்க. போன ஸ்பீக்கர்ல போட்டு வீட்டுக்காரர பேச வெச்சோம், அதெல்லாம் செல்லாதுன்னுட்டாங்க.

அடுத்த வாரம் வேற எடம். அங்க "ரெண்டும் பொண்ணா?"ன்னு ஒரு கேள்வி, அதுக்கப்புறம் அவங்க பார்வையே மாறிப்போச்சு. ஏங்க, எட்டு ஒம்போது வாரத்துல எந்த ஸ்கேன்லயும் ஆணா பொண்ணான்னு தெரியாதுங்க, அது ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு தெரியாதா என்ன? மூணாவது எடத்துல குடும்ப கட்டுப்பாடு ஆபரேஷனும் சேத்து பண்ணிக்கறதா இருந்தா செய்யறோம், இல்லன்னா முடியாதுன்னாங்க. அவ ரத்தம் கம்மியா இருக்கு, ஆறு மாசம் போகட்டும்னு கெஞ்சுனா, கேக்கல. கடைசியில வீட்டுக்காரர் லோடு எறக்கி திரும்பி வந்து கையெழுத்து போட்டப்ப 13 வாரம். 9 வாரம் வரைக்கும் மாத்திரையிலயே முடிக்க ரூல்ஸ்ல எடம் இருக்கு, இவள மயக்க மருந்து குடுத்து படுக்க வெச்சு பண்ணாங்க, ரெண்டு நாள் பால் குடுக்க முடியாம மாரு கட்டிக்கிட்டு ஜொரம் வேற.

இதுக்கப்புறம்தான் சட்டத்துல என்னதான் இருக்குன்னு காலேஜ் படிக்கற என் பையன உக்கார வெச்சு படிக்க சொல்லிக் கேட்டேன். கருக்கலைப்புக்கு அனுமதி குடுக்கற எம்டிபி சட்டம் வந்தது 1971ல, அமெரிக்காவுல கருக்கலைப்ப பொண்ணோட உரிமைன்னு சொன்ன பெரிய தீர்ப்பு வந்ததுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே. அந்த தீர்ப்ப அவங்க 2022 ஜூன்ல ரத்து பண்ணிட்டாங்க, பெரியவர் அதத்தான் உதாரணமா காட்டியிருந்தார், ஆனா அதே வருஷம் செப்டம்பர் 29ல நம்ம சுப்ரீம் கோர்ட்டு கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கும் 24 வாரம் வரைக்கும் இந்த சட்டம் பொருந்தும்னு சொல்லுச்சு, அத அவர் சொல்லல. 2021ல திருத்துனதுக்கு அப்புறம் 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் ஒத்துக்கிட்டா போதும், 20லேர்ந்து 24 வரைக்கும் சில பேருக்கு மட்டும் ரெண்டு டாக்டர். கையெழுத்து ஒண்ணே ஒண்ணுதான், அந்தப் பொண்ணோடது. 18 வயசு ஆகலன்னா, இல்ல மனநலம் சரியில்லன்னா மட்டும் கார்டியன் எழுதிக் குடுக்கணும். புருஷன் கையெழுத்துன்னு சட்டத்துல எங்கயும் இல்லைங்க! பேர வெளிய விட்டா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை கூட இருக்கு, அந்த ஹால்ல கத்துனத இப்ப நெனைச்சாலும் எனக்கு ஒடம்பு எரியுது.

ஆனா இதுலயும் ஒரு கொறை இருக்கு. கருக்கலைப்பு நம்ம ஊர்ல இன்னிக்கும் அடிப்படையில குத்தம்தான், முன்னாடி ஐபிசிங்கற தண்டனைச் சட்டத்துல 312வது பிரிவு, இப்ப அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்ல 88வது பிரிவு, தானா கலைச்சுக்கற பொண்ணும் அதுல மாட்டுவா. எம்டிபி சட்டம் விதிவிலக்கு மட்டும்தான் குடுக்குது, அதுவும் டாக்டர் சரின்னு சொன்னாதான். அதனால டாக்டருக்கு பயம், பயத்துல ஒரு கையெழுத்து சேத்து வாங்கி வெச்சுக்கறாங்க, அந்தக் கையெழுத்துக்கு நாள் போறது இவ வயித்துலதான்.

பெரியவர் சொன்ன கெட்ட பேரு எனக்கும் தெரியும். கள்ளிப்பால் கதைங்கள கேட்டுத்தான் நாங்க வளந்தோம். தொட்டில் குழந்தை திட்டத்த 1992ல ஜெயலலிதா அம்மா நம்ம சேலத்துலதான் ஆரம்பிச்சாங்க. 2001 சென்சஸ்ல நம்ம மாவட்டத்துல ஆயிரம் ஆம்பள கொழந்தைக்கு 851 பொண்ணு கொழந்தைங்கதான், 2011ல 916. வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு பாத்து சொல்றத தடுக்க தனியா ஒரு சட்டம் 1994லயே போட்டிருக்கு, ஸ்கேன் சென்டருக்கு சீல் வைங்க, சொன்னவன புடிங்க, யாரு வேணாம்னா? வயித்துல இருக்கறது பொண்ணுன்னு தெரிஞ்சு கலைக்கறவங்களும் கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு இன்னொண்ணு சுமக்க முடியலன்னு வர்றவளும் ஒண்ணாங்க? அன்னிக்கு பொண்ணா பொறந்ததுக்கு கொன்னாங்க, இன்னிக்கு ரெண்டும் பொண்ணா பெத்ததுக்கு இவள சந்தேகப்படறாங்க.

நான் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போற கிறிஸ்தவ பொம்பள. கருவும் உயிர்தான்னு நம்பறவ. மூணாவது தங்குனப்ப எல்லாரும் வேணாம்னாங்க, நான் பெத்துக்கிட்டேன், எனக்கு படிச்சுக் காட்டுனது அவன்தான். 2023 அக்டோபர்ல டெல்லி சுப்ரீம் கோர்ட்டுல ஒரு கேஸ், ரெண்டு கொழந்தைக்கு தாய், 26 வாரம், அவளுக்கும் பால் குடுத்துட்டு இருந்ததுல தெரியாமப் போச்சு, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனசு நோய் வேற. ரெண்டு பெண் நீதிபதிங்களுக்கே ஒத்துப் போகல, கடைசியில மூணு நீதிபதிங்க கலைக்க முடியாதுன்னுட்டாங்க. அந்தக் கேஸ்ல எது சரின்னு கேட்டா எனக்கு இன்னிக்கும் பதில் சொல்ல வராது. ஆனா எட்டு வாரத்துல வந்தவள 13 வாரத்துக்கு தள்ளுறது எந்த தர்மத்துலங்க சேரும்? உயிர் மேல அக்கறை இருந்தா நாள் கடத்தமாட்டாங்கல்ல.

ஒரே ஒரு உதவி கேக்கறேன். சம்மதம் எழுதி வாங்கற ஃபார்ம் 'சி' (Form C)ன்னு ஒண்ணு இருக்கு, ரொம்ப சின்னது, நாலஞ்சு வரிதான். அத அப்படியே தமிழ்ல உங்க பேப்பர்ல ஒரு நாள் போடுங்க, கீழ கையெழுத்து போடற எடத்த காட்டி. கட் பண்ணி என் தையல் மிஷினுக்கு மேல ஒட்டி வெக்கறேன், ஜாக்கெட் தெக்க வர்ற எங்க எஸ்டேட் பொண்ணுங்க படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு